ரோஸ் கலர் சீஸ்

துரைராஜுக்கு வாய் கொஞ்சம் நீளம். அது அவருக்கே தெரியும். தெரிந்து என்ன பயன்? பேசி முடித்த பிறகுதான் ஒவ்வொரு தடவையும் ஞாபகத்துக்கு வரும்.

உத்திரமேரூர் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் ரீடிங் எடுப்பது அவர் வேலை. மீட்டரைப் பார்க்க ஒரு நிமிடம் ஆனால், வீட்டுக்காரரிடம் பேச கால் மணி நேரம் ஆகும். கிணற்று மோட்டார், முழங்கால் வலி, மாப்பிள்ளை வீட்டாரைப் பேசி மடக்குவது எப்படி என்று அவருக்குத் தெரியாத சங்கதி கிடையாது. காஞ்சிபுரத்தில் தறி போட்ட குடும்பத்தில் பிறந்தவர் என்பதால், புடவையைத் தொட்ட மாத்திரத்தில் சாயம் நிற்குமா போகுமா என்றும் சொல்லுவார். கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

அந்த வாய்தான் தென்னேரியில் அவரை மாட்டிவிட்டது. தங்கை பேத்திக்குக் காது குத்து. பந்தி முடிந்து ஆண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ சாம்பாரைப் பாராட்டினார்கள். உடனே துரைராஜ் ஆரம்பித்தார்.

"சமையல்னா இன்னா, ராக்கெட்டா வுடறாங்க? ஃபோனத் தொறந்து வெச்சிக்கினா எவன் வேணா பண்ணலாம். இந்தப் பொம்பளைங்கதான் பெருசா அலட்டிக்கினு கீறாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் ஒவ்வொருவராக அவருக்குப் பின்னால் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். துரைராஜ் திரும்பினார். மோர் வாளியும் கையுமாக மனைவி ஜெயமணி நின்றிருந்தாள். விடிந்ததிலிருந்து விறகடுப்புப் பக்கத்தில் நின்று, முகம் செங்கல் நிறமாகியிருந்தது. மோர் வேண்டுமா என்று மட்டும் கேட்டாள். அப்போதே நாலு வார்த்தை திட்டியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

ஜெயமணிக்கு சாலவாக்கத்தில் அங்கன்வாடி வேலை. கோடையில் அந்தப் பக்கத்து அங்கன்வாடிப் பெண்கள் சேர்ந்து ஒரு ஊட்டச்சத்து விழா நடத்துவதாக இருந்தார்கள். துரைராஜுக்கு அதில் சம்பந்தம் ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தார், ஆபீஸில் தினகரன் வந்து கையைக் குலுக்கும் வரை. தினகரன் அவருக்கு அடுத்த நாற்காலிக்காரன், வயதில் சின்னவன்.

"அண்ணே, நீங்களும் போட்டியில கீறீங்களாமே! ஆம்பளைங்களுக்கு அடுப்பில்லா சமையல். நானும் பேரு குடுத்துகீறேன். நோட்டீஸ்ல மொத பேரே உங்களுதுதான்."

மாலையில் வீட்டுக்குள் நுழையும்போதே துரைராஜ் கேட்டார். "இன்னா ஜெயா, என்னிய ஒரு வார்த்த கேக்காம பேரு குடுத்துட்ட?"

"ஃபோனத் தொறந்து வெச்சிக்கினா எவன் வேணா பண்ணலாம்னீங்களே. எங்களுக்கும் எவனாவது வேணும் இல்ல?"

"சரி, நீ கூடமாட சொல்லிக் குடுப்ப இல்ல?"

"விழா நடத்துறதே நாங்க. நான் சொல்லிக் குடுத்தா நாலு பேரு இன்னா பேசுவாங்க?" என்று சொல்லிவிட்டு ஜெயமணி துணி மடிக்கப் போனாள்.

சரி, மானம் என்று ஒன்று இருக்கிறதே. மற்றவர்களெல்லாம் அவல் கிளறுவார்கள், முளைகட்டின பயறைக் கிண்ணத்தில் கொட்டுவார்கள். இந்த ஊர்க் கண்ணே பார்க்காத ஒன்றைச் செய்ய வேண்டும் என்று துரைராஜ் முடிவு செய்தார். ஃபோனில் தேடிக் கண்டுபிடித்தும் விட்டார். ஒரு பெண் தர்பூசணி, மாம்பழம், வெள்ளரிக்காயைத் துண்டு துண்டாக நறுக்கினாள். புதினாவைக் கிள்ளிப் போட்டாள். எலுமிச்சை பிழிந்தாள். கடைசியில் வெள்ளையாக, மெத்தென்று ஒரு சீஸை விரலால் பிட்டுப் பிட்டு மேலே தூவினாள். வியர்க்கவே இல்லை அவளுக்கு. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று துரைராஜ் வாய்விட்டே சிரித்தார்.

பழத்துக்குப் பஞ்சமில்லை. ரோட்டோரம் முழுக்கத் தர்பூசணி குவித்து வைத்திருந்தார்கள். சீஸ்தான் பேஜாராகிவிட்டது. உத்திரமேரூர் கடைத்தெருவில் கேட்டால், கடைக்காரர் சதுரமாக ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினார்.

"இது இல்லப்பா. மெத்துனு இருக்கும்."

"மெத்துனு வேணும்னா பன்னு கீது. தரட்டுமா?"

பக்கத்துக் கடையில் பனீர் இருந்தது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தபோது டக் என்று சத்தம் கேட்டது. அதைத் தூவ வேண்டுமென்றால் முதலில் சுத்தியல் வாங்க வேண்டும்.

வீட்டிலேயே செய்யலாம் என்று ஃபோன் சொன்னது. பாலைத் திரிக்க வேண்டும், வடிகட்ட வேண்டும், அவ்வளவுதான். பால்காரர் சின்னராசுவிடம் கறந்த சூட்டோடு பால் வாங்கும்போது, வழக்கம்போல் துரைராஜ் விஷயத்தையும் சொல்லிவிட்டார். சின்னராசுவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஏண்ணே, போன மாசம் ஒரு நாள் பாலு திரிஞ்சிடுச்சுன்னு இன்னா பேச்சு பேசன! இப்ப நீயே திரிக்கப் போறியா?"

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் துரைராஜ் சமையலறையைக் கைப்பற்றினார். பாலில் ஓர் எலுமிச்சை பிழிந்தார். பால் சும்மா இருந்தது. இன்னொன்று பிழிந்தார். லேசாகப் புளித்த வாசனை வந்தது, திரியவில்லை. இந்த வெயிலில் மதியத்துக்குள் தானாகத் திரிந்து தொலைகிற பால், வேண்டும் என்று கேட்கும்போது பிடிவாதம் பிடித்தது. வீட்டிலிருந்த எலுமிச்சை எல்லாம் தீர்ந்த பிறகு மறுபடி ஃபோனைப் பார்த்தார். முதலில் பாலை நன்றாகக் கொதிக்க வைக்கவும் என்று அந்தப் பெண் தெளிவாகத்தான் சொல்லியிருந்தாள். பொறுமையில்லாமல் விரலால் தள்ளிவிட்டது அந்த இடத்தைத்தான்.

ஜெயமணி தண்ணீர் குடிக்க வந்தாள். மேடை முழுக்கக் கிடந்த எலுமிச்சைத் தோலைப் பார்த்தாள். குடித்துவிட்டுப் போனாள். போகும்போது அவள் தோள் மட்டும் குலுங்கியது.

அடுப்பு மூட்டிப் பால் சூடேறியதும், அது சட்டென்று திரிந்தது. கண்ணெதிரே திட்டுத் திட்டாகப் பிரிந்து வந்தபோது, துரைராஜுக்கு உடம்பு புல்லரித்தது. வடிகட்டத் துணி வேண்டும். சமையலறைத் துணிகளில் எல்லாம் மஞ்சள் கறை. ஜெயமணியைக் கேட்க மனம் வரவில்லை. பீரோவில் ஒரு புதுத் துண்டு இருந்தது. போன வருஷம் ஆபீஸ் விழாவில் அவருக்குப் போர்த்தியது. வெள்ளைத் துண்டு, அகலமான அரக்குக் கரை. ஒரு தடவைகூடத் தண்ணீரில் படாதது. இதைவிடச் சுத்தமான துணி வீட்டில் ஏது? அதிலேயே ஊற்றி, தொட்டியில் வடியவிட்டு, கரை உள்பக்கம் போக இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டு, ஒரு தூக்குச் சட்டியில் வைத்து மூடி ஃபிரிட்ஜில் வைத்தார். பரிமாறும்வரை பிரிக்காதீர்கள் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். இந்தத் தடவை துரைராஜ் அவள் பேச்சை அப்படியே கேட்டார்.

மறுநாள் சாலவாக்கம் சமுதாயக் கூடத்தில் நல்ல கூட்டம். ஃபேன்கள் அனல் காற்றை வீசின. பக்கத்து மேஜையில் தினகரன் வாயைத் திறக்காமல் அவலில் வெல்லத்தைப் பிசைந்துகொண்டிருந்தான். துரைராஜ் இஸ்திரி போட்ட சட்டையில் நின்று, மைக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, தர்பூசணியை நறுக்க நறுக்க விளக்கம் சொன்னார். ஒவ்வொரு துண்டும் ஒரே அளவாக இருக்கணும் என்றார். துண்டுகள் ஆளுக்கொரு அளவில் விழுந்தன. அதற்கும் ஒரு விளக்கம் சொன்னார். மாம்பழம் சேர்த்தார். வெள்ளரி, புதினா, உப்பு, கொஞ்சம் மிளகுத்தூள்.

"இப்ப கட்டக் கடைசியா, நம்ம கையால செஞ்ச சீஸு!" என்று சொல்லி முடிச்சைப் பிரித்தார்.

உள்ளே உருண்டையாக, பதமாக, மெத்தென்று இருந்தது. ஆனால் வெள்ளையாக இல்லை. ரோஸ் கலரில் இருந்தது. அங்கங்கே அரக்கு வரிகூட ஓடியிருந்தது.

துரைராஜ் துண்டின் கரையைப் பார்த்தார். கரை பாதி வெளுத்திருந்தது.

"ஐய, ரோஸ் கலர்ல கீதுடீ!" என்று முன்வரிசையில் ஒரு பெண் கத்தினாள். ஃபோன்கள் மேலே எழும்பின. பின்னால் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் கை தன் பாட்டுக்கு அதைப் பிட்டுத் தூவிவிட்டது. சிவப்பு, மஞ்சள், பச்சை, மேலே ரோஸ். சத்தியமாக ஃபோனில் பார்த்ததைவிட அழகாக இருந்தது. அதுதான் கொடுமை.

நடுவராக வந்திருந்த டாக்டர் ஸ்ரீரஞ்சனி மேஜைக்கு வந்தார். "ரொம்பப் பிரமாதமா இருக்கே சார். என்ன கலர் இது, பீட்ரூட்டா?"

ஊரில் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கிற வாயிலிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வந்தது. ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், தொண்டையைச் செருமினார் என்றும் வைத்துக்கொள்ளலாம். டாக்டர் ஆமாம் என்று வைத்துக்கொண்டார்.

"அண்ணே, பரிசு உங்களுக்குத்தான்" என்று தினகரன் கிசுகிசுத்தான்.

ஒரு வாய்தானே, என்ன ஆகிவிடும் என்று துரைராஜ் மனம் கணக்குப் போட்டது. டாக்டருக்கே ஒன்று ஆனால் டாக்டரே பார்த்துக்கொள்ள மாட்டாரா? இப்படியும் யோசிக்கிற ஆளா நான் என்று அவருக்கே கூச்சமாக இருந்தது. அப்போது டாக்டரின் புடவைக்குப் பின்னாலிருந்து அங்கன்வாடிப் பிள்ளை ஒன்று எட்டிப் பார்த்தது. கையில் ஒரு சின்னக் கிண்ணம். "எனுக்கு அந்த ரோஸு" என்று நீட்டியது. டாக்டரின் ஸ்பூன் சாலட்டில் இறங்கியது.

துரைராஜ் பாத்திரத்தை இரண்டு கையாலும் வளைத்து இழுத்துக்கொண்டார்.

"வேணாம் மேடம்! சாப்டாதீங்க. அது பீட்ரூட் இல்ல."

"பின்னே என்ன?"

"துண்டு."

"என்னது?"

"துண்டுங்க மேடம். என் துண்டுச் சாயம்."

அவரே இழுத்து வைத்த மைக், ஒரு எழுத்து விடாமல் கூடம் முழுக்கச் சொன்னது. பிறகு எழுந்த சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. டாக்டர் ஸ்பூனை வைத்துவிட்டு, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். "நல்ல வேளை சொன்னீங்க சார்" என்று சொல்லி முடிப்பதற்குள் அவருக்கும் தாங்கவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர், "ஏம்பா, நீ தறிக்காரவூட்டுப் புள்ள இல்ல?" என்று கேட்டார். அதற்கு மட்டும் துரைராஜ் காது கேட்காதவர் மாதிரி இருந்துவிட்டார்.

சாலட்டை வாளியில் கொட்டினார். மீதியிருந்த அரைத் தர்பூசணியை நறுக்கி, கிண்ணம் நீட்டிய பிள்ளைகளுக்குப் போட்டார். அதற்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அவை கேட்கவுமில்லை, முழங்கை வரை சாறு ஒழுகத் தின்றன. முதல் பரிசு தினகரனுக்கு. அறிவிக்க வேண்டியவள் ஜெயமணி. மைக்கைப் பிடித்து, "மொத பரிசு" என்று ஆரம்பித்து, மேஜைமேல் காயப்போட்டிருந்த துண்டைப் பார்த்துவிட்டு, சிரிப்பு தாங்காமல் மைக்கைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டாள்.

வண்டியில் திரும்பும்போது, ஏரிக்கரை தாண்டியதும் ஜெயமணி கேட்டாள்.

"சும்மா இருந்திருந்தா பரிசு உங்களுக்குத்தான் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"அந்தக் கொயந்த கிண்ணத்த நீட்டிக்கினு நின்னுச்சே."

ஜெயமணி வண்டியின் பின் கம்பியைப் பிடித்துத்தான் எப்போதும் உட்காருவாள். இப்போது அவர் தோளில் கை வைத்தாள். துரைராஜுக்கு ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"பாலு காய்ச்சறதே பெரிய பேஜாரு ஜெயா" என்றார். மன்னிப்பு என்று அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"உம்" என்றாள் அவள். அந்த "உம்" போதுமானதாக இருந்தது.

அதற்கப்புறம் ரீடிங் எடுக்கப் போன இடமெல்லாம், "துண்டு சார் வந்துகீறாரு" என்று உள்ளே குரல் கேட்டது. முதல் நாள் எரிச்சலாக இருந்தது. மூன்றாவது வீட்டில் அவர்கள் கதையைத் தப்பாகச் சொன்னதால், துரைராஜே உட்கார்ந்து ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தார். போகப் போக, அவர் கதையில் டாக்டரின் ஸ்பூன் வாய்க்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாகிக்கொண்டே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜெயமணி ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தாள். துரைராஜ் யாரிடமும் சொல்லாமல், சின்னராசுவிடம்கூடச் சொல்லாமல், பாலை முதலில் காய்ச்சி, அப்புறம் திரித்து, டீ வடிகட்டியில் வைத்து வடித்தார். சீஸ் வெள்ளை வெளேரென்று வந்தது. விரலில் எடுத்தால் தயிருக்கும் பனீருக்கும் நடுவில் ஒரு பதம். தர்பூசணியும் மாம்பழமும் நறுக்கி, புதினாவும் உப்பும் எலுமிச்சையும் போட்டுக் கலந்து, சீஸை மேலே தூவி, தட்டு போட்டு மூடிவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தார்.

கூட்டம் இழுத்துவிட்டது. ஜெயமணி வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. துரைராஜ் பெருமையாகத் தட்டைத் திறந்தார். உப்புப் பட்ட தர்பூசணி இருந்த தண்ணீரையெல்லாம் விட்டுவிட்டது. மாம்பழம் கரைந்து, புதினா மிதந்து, சீஸ், ரசத்தில் பருப்பு மாதிரி அடியில் கிடந்தது.

ஜெயமணி எட்டிப் பார்த்தாள். உள்ளே போய் இரண்டு தம்ளர் எடுத்து வந்தாள். துரைராஜ் கரண்டியால் மொண்டு ஊற்றினார். அவள் ஒரு மடக்குக் குடித்தாள், கண்ணைச் சுருக்கினாள், மீதியையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தம்ளரை நீட்டினாள்.

"நல்லாத்தான் கீது. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. அடியில கீறதயும் சேத்து."