ராமுத்தாயின் வில்லுக்கு ஒரு நோட்டீஸ்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை, நோட்டீஸாகத் தொடங்கியது.

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் எனக்கு வேலை. காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டி லேபிள் எல்லாவற்றுக்கும் வாசகம் எழுதுவேன், பிழை பார்ப்பேன். கதை எழுதுவது ஞாயிற்றுக்கிழமைகளில். இரண்டையும் நான் கலந்ததில்லை. போன மார்கழியில் முத்துக்கிருஷ்ணன் என்பவர் அச்சகத்துக்கு வந்தார். மல்லாங்கிணறு பக்கம் பட்டறை வைத்திருக்கிறார். முன்பு கட்டிலும் பீரோவும் செய்தவர், இப்போது மூங்கிலையும் மரத்தையும் அடுக்கி ஒட்டி வில் செய்கிறார். குறிபார்க்கும் கருவி எதுவும் இல்லாத பழைய பாணி வில். வாங்குகிறவரின் கை, தோள், உயரம் பார்த்துச் செய்வது. போனில் வீடியோ போட்டு ஆர்டர் பிடிக்கிறார்.

"வர்ற ஆளெல்லாம் ஒரே கேள்விதான்க்கா கேக்காக. கடையில ரெடியா இருக்கிற வில்லப் போல மூணு மடங்கு சொல்றீகளே, அம்புட்டுக்குத் தகுமான்னு. எனக்கு வாயில சொல்ல வரல. நீங்க ஒரு நோட்டீஸ்ல எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். 'உங்கள் கைக்காகவே பிறந்த வில்! தரத்துக்கு ஏது விலை?' அவர் வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பட்டாசு லேபிள் மாதிரி இருக்கு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "ராமுத்தாயின்னு ஒரு தங்கச்சி எங்கிட்ட வில்லு வாங்கியிருக்கு. அதுகிட்டப் பேசிட்டு எழுதுங்களேன்."

பேசினேன். நோட்டீஸுக்கு ஆகிற மாதிரி ஒரு வாக்கியம்கூடக் கிடைக்கவில்லை. ஆகவே இது.

2

தொடக்கங்கள் சில. எல்லாம் பாதியில் நின்றவை.

'ராமுத்தாயின் இடது கையைப் பார்த்தவர்கள் —' [பார்த்தவர்கள் என்று யாரைச் சொல்கிறேன்? உற்றுப் பார்த்தது நான்தான்.]

'பட்டாசு ஆலை விபத்து ஒன்றில் —' [எங்கள் பக்கத்தில் இப்படித் தொடங்கினால் வாசிப்பவர் அடுத்த வரிக்கு வருவதற்குள் பரிதாபப்பட்டு முடித்துவிடுவார். மிச்சக் கதையை யாருக்குச் சொல்வது?]

'வில் என்பது மனித குலத்தின் —' [இது டைரியின் முதல் பக்கத்துக்கு.]

நேராகவே சொல்கிறேன். ராமுத்தாய்க்கு முப்பத்தைந்து வயது இருக்கும். திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறார். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, வேறொரு ஆலையில், வெடிமருந்து தீப்பற்றி இடது கை வெந்துவிட்டது. கடைசி இரண்டு விரல்களும் உள்ளங்கைப் பக்கம் மடிந்து அப்படியே நின்றுவிட்டன. கட்டைவிரல் முழுதாக விரியாது. பெட்டி மடிப்பது, ஒட்டுவது எல்லாம் செய்வார். வெளியே போகும்போது மட்டும் அந்தக் கை துப்பட்டாவுக்குள் இருக்கும்.

மகளை விருதுநகர் மைதானத்தில் வில்வித்தை வகுப்பில் சேர்த்தார். மகளுக்கு ஒரு மாதத்தில் சலித்துவிட்டது. துணைக்குப் போய்க்கொண்டிருந்த அம்மா மட்டும் தொடர்ந்தார்.

"பீஸ் கட்டுனது வீணாப் போகுமேன்னுதான்க்கா நான் வில்ல எடுத்தேன். அப்புறம் பிடிச்சுப்போச்சு."

"எது பிடிச்சது?"

"அம்பு போயிக் குத்துற சத்தம்."

[இங்கே அந்தச் சத்தத்தையும் வெடிச் சத்தத்தையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகவும் இருந்தது. அவர் அப்படி எதுவும் நினைக்கவில்லை என்று சொன்னதால் எடுத்துவிட்டேன்.]

3

வலது கையால் வில்லைப் பிடித்து இடது கையால் நாணை இழுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். நாணை இழுக்க விரல்கள் கொக்கி மாதிரி மடிந்து, விடும்போது சட்டென்று விரிய வேண்டும். அந்த விரல்களுக்கு அது வராது. வில்லைத் தாங்குவது மட்டும்தான் அந்தக் கையால் முடியும். அதிலும் சிக்கல். கடை வில்லின் பிடி தடிமன். விரியாத கட்டைவிரலுக்குள் அது அடங்காது. அம்பை விட்டதும் வில் கைக்குள் சுழலும், நாண் முன்கையில் சுளீரென்று அடிக்கும். பாதி அம்புகள் முடிவதற்குள் கை வலித்து உட்கார்ந்துவிடுவார்.

முத்துக்கிருஷ்ணனின் வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து மல்லாங்கிணற்றுக்குப் போனார். அங்கே நடந்ததை இருவரும் தனித்தனியாகச் சொன்னார்கள், ஒரே மாதிரி.

"கையக் காட்டுங்க தங்கச்சி."

ராமுத்தாய் வலது கையைக் காட்டினார்.

"வில்லு பிடிக்கிற கைய."

துப்பட்டாவுக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். முத்துக்கிருஷ்ணன் பார்த்தார். புரட்டிப் பார்த்தார். உள்ளே போய்த் தன் மனைவி சப்பாத்திக்குப் பிசைந்து வைத்திருந்த மாவை எடுத்துவந்து ஒரு மரத்துண்டில் அப்பினார்.

"இதப் பிடிங்க. இறுக்கமா. இன்னும் கொஞ்சம் இறுக்கமா."

மாவில் கை பதிந்தது. மடிந்த இரண்டு விரல்களும் தனியாக ஒரு குழி விட்டிருந்தன. அவர் அதைச் சுற்றிச் சுற்றி அளவு எடுத்துப் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டார்.

"எப்படி ஆச்சு, எந்தக் கம்பெனியில ஆச்சு, எம்புட்டுக் குடுத்தாக, ஒண்ணும் கேக்கலக்கா," என்றார் ராமுத்தாய். "வலிக்குதான்னு கேட்டாரு. ஆமான்னேன். எங்கனன்னு கேட்டாரு. அம்புட்டுத்தான்."

[முதல் வரைவில் இந்த இடத்தில் 'அவள் கண்கள் கலங்கின' என்று எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியபோது ராமுத்தாய், "கலங்கல. அந்தம்மா மாவு போச்சேன்னு பாத்துக்கிட்டு நின்னாக, எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு," என்றார்.]

4

காளீஸ்வரனைப் பற்றி நான் முதலில் எழுதியது தவறு. ராமுத்தாயின் கணவர், ஆலை வேன் ஓட்டுகிறார். கதைக்கு எதிர்ப்பு வேண்டும் என்று அவரைக் கொஞ்சம் முரடாக எழுதிவிட்டேன். 'காளீஸ்வரன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்' என்று ஒரு வாக்கியம்கூட இருந்தது. காளீஸ்வரன் தட்டைத் தள்ளுகிற ஆள் இல்லை. விபத்தன்று ராமுத்தாயை ஆஸ்பத்திரிக்கு வேனில் கொண்டுபோனது அவர்தான். அந்தக் கை ஆறுகிறவரை குழந்தையைக் குளிப்பாட்டி, உடுத்தி, பவுடர் போட்டு எடுத்துக்கொண்டு திரிந்ததும் அவர்தான்.

தீபாவளி போனஸில் வில் வாங்கப்போகிறேன் என்று ராமுத்தாய் சொன்னபோது அவர் கேட்டது இது.

"அம்புட்டு ரூவாய்க்கு வில்லா? எங்க ராமு, வேட்டைக்கா போற?"

அவர் சிரிக்கவில்லை. பிறகு யோசித்துச் சொன்னார்: "வண்டி வாங்குனா நாளைக்கிப் பணமுடையின்னா விக்கலாம். கடை வில்லுன்னாலும் யாராவது வாங்குவாக. இது உன் கைக்குன்னு செய்யிறது. யாரு வாங்குவா?"

இந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. முத்துக்கிருஷ்ணனிடமும் இல்லை. 'மறுவிற்பனை மதிப்பு எதுவும் இல்லை' என்று எந்த நோட்டீஸில் போடுவது?

ராமுத்தாயிடம் இருந்தது. "விக்க மாட்டேன்," என்றார். பேச்சு அதோடு நின்றது. இரண்டு நாள் வீட்டில் கொஞ்சம் உம்மென்று இருந்திருக்கிறார்கள். பிறகு அவரே வேனில் கொண்டுபோய் மல்லாங்கிணற்றில் இறக்கிவிட்டிருக்கிறார்.

5

இனி வில் வந்ததும் அம்புகள் இலக்கின் நடுவிலுள்ள மஞ்சள் வட்டத்தில் போய் விழுந்திருக்க வேண்டும். கதை அதைத்தான் விரும்புகிறது.

வில் வந்தது. ராமுத்தாய் முன்பைவிட மோசமாக எய்தார். அம்புகள் இடப்பக்கமாக ஓடின, சில இலக்கையே தொடவில்லை. மைதானத்தில் ஒரு பெண், "காசு குடுத்துக் கெடுத்துக்கிட்டீகளா?" என்று கேட்டிருக்கிறாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராமுத்தாய் வில்லைத் தூக்கிக்கொண்டு மல்லாங்கிணற்றுக்குப் போய்விட்டார்.

"இத வச்சுக்கிட்டுக் காசத் திருப்பிக் குடுங்கண்ணே."

"ஒரு நாலு அம்பு எய்யுங்க, பாக்கேன்."

"எய்ய மாட்டேன்."

"காசு தாரேன் தங்கச்சி. எய்யுங்க, பாக்கேன்."

பட்டறைக்குப் பின்னால் சாக்கு மூட்டைகளை அடுக்கி எய்தார். முத்துக்கிருஷ்ணன் அம்பைப் பார்க்கவில்லை, கையை மட்டும் பார்த்தார்.

"என் தப்புத்தான்," என்றார். "மாவ இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். வில்ல யாரும் அப்படி இறுக்க மாட்டாக, சும்மா தாங்கத்தான் செய்வாக. இறுக்குன கைக்கு அளவெடுத்து, தாங்குற கைக்குக் குடுத்துட்டேன்."

அன்று மாலைவரை அவர் அரத்தால் ராவுவதும், ராமுத்தாய் எய்வதும், மறுபடி ராவுவதுமாகப் போயிருக்கிறது. இன்னொரு பாதி முத்துக்கிருஷ்ணனின் தப்பு இல்லை. கடை வில் சுழலும் என்று ராமுத்தாயின் மணிக்கட்டு முன்கூட்டியே திரும்பப் பழகியிருந்தது. சுழலாத வில்லிலும் அது திரும்பிக்கொண்டே இருந்தது. அந்தப் பழக்கம் போக மார்கழி ஆனது.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. கூடுதல் விலை எதற்கு என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த ஒரே நேரடிப் பதில் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. கடை வில் சரியில்லை என்றால் நாம்தான் அதற்கு ஏற்ப மாறிக்கொள்ள வேண்டும். இந்த வில் சரியில்லை என்றால் பஸ் ஏறிப்போய்ச் சண்டை போடலாம். இதை முத்துக்கிருஷ்ணனிடம் சொன்னேன். "அப்படிப் போட்டா எல்லாரும் சண்டைக்கு வந்துருவாகளே," என்றார்.]

6

தை மாதம் விருதுநகரில் போட்டி. இதற்கு மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: ராமுத்தாய் முதல் பரிசு வாங்குகிறார். [நோட்டீஸுக்கு வசதி. பொய்.]

இரண்டு: கடைசி அம்பின்போது வில் முறிகிறது. [இலக்கியத்துக்கு வசதி. அதுவும் பொய்.]

மூன்றாவது, நடந்தது. முதல் பரிசு வாங்கியது கடை வில் வைத்திருந்த ஒரு கல்லூரி மாணவி. ராமுத்தாய் பட்டியலின் நடுவில் எங்கோ வந்தார். ஆனால் எல்லா அம்புகளையும் எய்தார். ஒரு போட்டியில் அவர் கடைசி அம்புவரை நின்றது அதுதான் முதல் தடவை.

காளீஸ்வரன் சவாரி முடித்து நேராக வந்திருந்தார். கூட்டம் கலைந்த பிறகு, "இங்கன குடு, பிடிச்சுப் பாக்கேன்," என்று வில்லை வாங்கினார். இடது கையில் பிடித்தார். பிடியை மாற்றினார், மறுபடி மாற்றினார். நல்ல கை அது, ஐந்து விரலும் மடக்கி நீட்ட வருகிற கை. அந்த இரண்டு குழிகளும் அவர் விரல்களுக்குக் குறுக்கே நின்றன. அரைகுறையாக இழுத்து விட்டார். அம்பு பக்கத்திலேயே விழுந்தது, நாண் முன்கையில் அடித்தது. தேய்த்துக்கொண்டார்.

"என் கையில நிக்க மாட்டேங்குதே ராமு."

"நிக்காது," என்றார் ராமுத்தாய். துப்பட்டா தோளில் கிடந்தது. இடது கையை நீட்டி வில்லை வாங்கிக்கொண்டார்.

இதை நான் அங்கே நின்று பார்த்தேன். கதையை இங்கேயே முடித்துவிடலாம் என்று நினைத்தேன். முடித்தும் விட்டேன். அச்சகத்தில் ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்தேன், நன்றாக இருக்கிறது என்றார்.

7

மாசியில் ராமுத்தாய் போன் செய்தார். மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். இழுத்துப் பிடித்திருக்கும் தோலை விடுவித்து வேறு தோல் வைத்துத் தைத்தால் கட்டைவிரல் நன்றாக விரியும், மடிந்த விரல்களில் ஒன்றாவது நிமிரும் என்று சொன்னாராம். காப்பீட்டில் செய்துகொள்ளலாம். பங்குனியில் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

சந்தோஷப்பட்டேன். அவர் சட்டென்று போனை வைத்துவிட்டார்.

நேரில் போனேன். காளீஸ்வரனும் இருந்தார். டீ வந்தது.

"பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"பயமில்லக்கா. இத்தன வருசமா இந்தக் கைய எனக்குப் பிடிக்காது. கண்ணாடி பாத்தாக்கூட இந்தப் பக்கம் பாக்க மாட்டேன். இப்பத்தான் இதுக்குன்னு ஒண்ணு வந்துச்சு. வந்து நாலு மாசம் ஆகல, கைய மாத்தணும்ங்காக."

"கை நல்லானா வேற வில்லு செஞ்சுக்கலாம்," என்றார் காளீஸ்வரன். "நானே கூட்டிட்டுப் போறேன். ரூவா ஆனா ஆவட்டும்."

"அப்ப இத என்ன செய்ய?"

அவர் டீயைக் குடித்தார்.

முத்துக்கிருஷ்ணனிடம் நானே போனில் கேட்டேன். பிடியில் ராவி எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது, ஒட்டுப்போட்டால் எடை மாறும், புதிது செய்வதுதான் சரி என்றார். பிறகு, "ஆபரேசன் பண்ணச் சொல்லுங்கக்கா," என்றார். இன்னொரு வில் விற்கும் என்பதால் அப்படிச் சொன்னாரா, அந்தக் கையை நினைத்துச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் இடம் வைத்து இந்த வாக்கியத்தை விட்டுவைக்கிறேன்.

நோட்டீஸ் அச்சாகிவிட்டது. தகுமா, தகாதா என்று அதில் ஒன்றும் இல்லை. ஒரு வில்லின் படம், ஒரு போன் நம்பர், 'கையோடு வரவும்' என்று ஒரு வரி. அவரே எழுதியது. நான் பிழை மட்டும் பார்த்தேன், பிழை இல்லை.

8

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் ராமுத்தாய் மதுரைக்குப் போகிறார். கட்டு பிரித்ததும் முன்பின் தெரியாத ஒரு கையைப் பார்க்கிறார். இன்னொன்றில் போகவில்லை. இரண்டையும் அவரிடம் வாசித்துக் காட்டினேன். பேக்கிங் பிரிவில் சாப்பாட்டு இடைவேளை, டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே கேட்டார்.

"ரெண்டுலயுமே நான் கடைசியில நிம்மதியா இருக்கேனே," என்றார்.

"ஆமா."

"அது எப்படிக்கா?"

மணி அடித்தது, திருவிழா சீசன் லோடு காத்திருந்தது, அவர் எழுந்து உள்ளே போனார்.

எனக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. உங்களுக்கும் இந்நேரம் ஒன்று வந்திருக்கும். உடம்பு முக்கியமா, வில் முக்கியமா என்று கேட்டால் பதில் சுலபம், ராமுத்தாய்க்கும் அது தெரியும். அவர் யோசித்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வியை அல்ல. அதனால் என் அபிப்பிராயத்தை அடித்துவிட்டேன். இரண்டு முடிவுகளையும் கிழித்துவிட்டேன். கடைசி வாக்கியத்தில் தொடக்கம் மட்டும் மிச்சம். மற்றதை நீங்கள் எழுதுங்கள். எழுதினால் அவரை அவசரமாக நிம்மதியாக்கிவிடாதீர்கள்.

பங்குனியில் அந்தத் தேதியன்று காலையில் ராமுத்தாய்