மமதாவைக் கேளுங்கள்

சந்திரம்மா அந்த பப்பில் பெண்கள் கழிப்பறையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. தரை துடைப்பதும் டிஷ்யூ வைப்பதும்தான் சம்பளத்துக்கான வேலை. வாந்தியெடுக்கும் பெண்களின் தலைமுடியை ஏந்திப் பிடிப்பதும், எவனுக்கோ பயந்து உள்ளே நிற்பவர்களைச் சமையலறைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போய் ஆட்டோ ஏற்றுவதும் யாரும் சொல்லி அவள் செய்ததில்லை.

மமதா வந்து நான்கு மாதம்தான். இருபத்தாறு வயது, மேஜைகளுக்குப் பரிமாறுகிறவள். சந்திரம்மாவைப் போலவே பக்கத்து ஏரியாவான ஈஜிபுராவில் வாடகை வீடு. இங்கிலீஷ் நன்றாகப் பேசுவாள்.

அந்த வருஷம் அந்தச் சாலையில் நிறைய புகார்கள். போன் பறிப்பு, அடிதடி, பெண்களின் கிளாஸில் எதையோ கலந்துவிடுவது. போலீஸ் ஸ்டேஷனில் பப் மேனேஜர்களைக் கூப்பிட்டு ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு பப்பிலும் ஒரு பெண் பொறுப்பாக இருக்க வேண்டும். பயந்துபோன எந்தப் பெண்ணும் அந்தப் பொறுப்பாளர் பெயரைச் சொல்லிக் கேட்டால், பொறுப்பாளர் அவளைப் பத்திரமாக அனுப்பிவைக்க வேண்டும். மேனேஜர் லாயிட் மமதாவைத் தேர்ந்தெடுத்தார்.

“எனக்கும் கன்னடம் வரும் சார்,” என்றாள் சந்திரம்மா.

“இங்கிலீஷும் வேணும்மா. சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ,” என்று பாதி கன்னடத்தில் சமாதானம் சொன்னார் லாயிட்.

மறுநாள் கண்ணாடிக்குப் பக்கத்தில் மமதாவின் படத்தை ஒட்டினார்கள். ‘பயமாக இருக்கிறதா? மமதாவைக் கேளுங்கள்’ என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. தண்ணீர் தெறிக்கும்போதெல்லாம் அந்தச் சிரித்த முகத்தைத் துடைக்க வேண்டியவள் சந்திரம்மா. துடைக்கும்போது வயிறு எரியும். பின்வாசல் வழியை மமதாவுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். போலீஸ் கூட்டத்தில் மமதா, “நாங்க கிச்சன் வழியா அனுப்புவோம்” என்று சொன்னாளாம். வழி சொன்னவள் பெயரைச் சொல்லாத அந்த ‘நாங்க’தான் அவளை இன்னும் சுட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கிரிக்கெட் பார்க்க வந்த கூட்டம். மஞ்சள் குர்தா போட்ட ஒரு பெண் உள்ளே வந்து படத்தைப் பார்த்தாள்.

“மமதா யாரு ஆன்ட்டி?”

“சாப்ட போயிருக்கா.”

“எப்ப வருவாங்க?”

“எனக்கு எப்டி தெரியும்? அவளைத்தானே கேக்கச் சொல்லி ஒட்டியிருக்கு.”

அந்தப் பெண் கைகழுவும் தொட்டிப் பக்கம் திரும்பினாள். குழாயைத் திறக்கப் பார்த்தாள், விரல்கள் வழுக்கின. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.

சந்திரம்மா தொட்டியைத் துடைத்தாள். வரட்டும், அந்த மகராணி வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் அந்த வழுக்கிய விரல்கள் கண்முன் வந்தன. அது வெறும் குடிமயக்கம் இல்லை, கிளாஸில் எதையோ கலந்திருக்கிறார்கள். ஆறு வருஷத்தில் இரண்டு முறை பார்த்திருக்கிறாள். துணியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

பார்க்கிங்கில் ஒருவன் அந்தப் பெண்ணைக் காரின் பின்சீட்டில் திணித்துக்கொண்டிருந்தான்.

“என் ஃப்ரெண்டும்மா. ஓவராயிடுச்சு, வீட்ல விடறேன்.”

“ஃப்ரெண்டா? பேரு இன்னா சொல்லு.”

அவன் விழித்தான். கதவைச் சாத்தப் பார்த்தான். சந்திரம்மா கையை இடையில் கொடுத்தாள். கட்டைவிரல் நசுங்கியது. அப்படியும் எடுக்கவில்லை. “முனியப்பா!” என்று அவள் கத்தியதில் பார்க்கிங் காவலாளி முனியப்பன் விசில் ஊதிக்கொண்டு வந்து காருக்கு முன்னால் நின்றான். அந்த ஆள் காரை விட்டுவிட்டு ஓடினான். காரின் நம்பரை வைத்து அன்று மாலையே பிடித்துவிட்டார்கள். எச்சில் கையோடு ஓடிவந்த மமதாதான் அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

மறுநாள் பெண் சப்-இன்ஸ்பெக்டர் விசாரிக்க வந்தார். “மமதா எங்கேன்னு அந்தப் பொண்ணு கேட்டப்போ, சாப்பிடப் போயிருக்காங்கன்னு யாரோ சொன்னாங்களாம். யார் சொன்னது?”

சந்திரம்மா நசுங்கிய கட்டைவிரலைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

“நான் இடத்துல இல்லாதது என் தப்பு மேடம்,” என்றாள் மமதா. “அக்கா இல்லைன்னா இன்னா ஆயிருக்கும்!”

எல்லோரும் சந்திரம்மாவைப் பாராட்டினார்கள். அடுத்த சனிக்கிழமை ஸ்டேஷனில் நடக்கும் பப்காரர்கள் கூட்டத்தில் அவளே பேச வேண்டும் என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

சனிக்கிழமை காலை இருவரும் ஒரே ஆட்டோவில் போனார்கள். பாதி வழியில் சந்திரம்மா சொன்னாள்:

“அந்தப் பொண்ணை நான் வேணும்னேதான் அனுப்பிட்டேன்.”

“தெரியும்க்கா. சாப்பிடப் போறேன்னு உன்கிட்ட மட்டும்தானே சொல்லிட்டுப் போனேன்.”

“தெரிஞ்சுமா சொல்லல?”

“ஓடுனது நீதானே.”

சந்திரம்மாவுக்கு ஆத்திரமாக வந்தது. படம், இங்கிலீஷ், இப்போது இந்த நல்ல மனசும் இவளுக்கேவா! ஸ்டேஷன் வந்ததும் மமதாவுக்கு முன்னாலேயே இறங்கி நடந்தாள்.

கூட்டத்தில் எழுந்து நின்றாள். தெரிந்த கன்னடத்தில் சொன்னாள்: “இவ மேல பொறாமைப்பட்டு நான் ரெண்டு நிமிஷம் சும்மா இருந்தேன். ஒரே ஆள் பேரை ஒட்டுனா, அந்த ஆள் சாப்பிடப் போனா இன்னா பண்றது? எனக்குச் சொல்லிக்குடுங்க, முனியப்பனுக்குச் சொல்லிக்குடுங்க, தோசை ஊத்துறவனுக்கும் சொல்லிக்குடுங்க. யாரைக் கேட்டாலும் உதவி கிடைக்கணும்.”

லாயிட் தலையைக் குனிந்துகொண்டார். சப்-இன்ஸ்பெக்டர் முகம் இறுகியது. அவர் அவளைப் பாராட்டவில்லை, ஆனால் எழுதிக்கொண்டார். அடுத்த மாதத்திலிருந்து அந்தச் சாலையிலிருந்த பப்களில் சமையல்காரரிலிருந்து காவலாளிவரை எல்லோருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். கிளாஸில் கலந்துவிட்டதாக வரும் புகார்கள் குறைந்தன.

தீபாவளி சமயத்தில் மமதாவை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அன்று சந்திரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் தன் போனை எடுத்துக்கொண்டு மமதாவிடம் போனாள்.

“இதுல கேப் எப்டி புக் பண்றது? சொல்லிக்குடு. இங்கிலீஷும் கொஞ்சம் வேணும்.”

“வாக்கா, உக்காரு.”

“ஆனா உன்ன மேடம்னு கூப்ட மாட்டேன்.”

“யாரு கூப்டச் சொன்னா?” என்று மமதா போனை வாங்கினாள்.