அழகு நிலையத்துப் புகை

சுருட்டை முடியை நேராக்கிக்கொள்ள வந்த பெண்ணின் தலையில் மருந்தைத் தடவி முடித்தாள் அண்ணி. முடியை இழுத்து நேராக்கும் சூடான இடுக்கியை நாத்தனார் கையில் கொடுத்துவிட்டு, "ஒரு போன் வருது, நீ பாத்துக்கோ" என்று வாசலுக்கு வந்துவிட்டாள். அழகு நிலையம் அவளுடையது. உள்ளே ஏசி ஓட, கதவு சன்னல் எல்லாம் இறுகச் சாத்தியிருந்தது.

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. வந்தவள் கழுத்தில் துண்டோடு, கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள்.

"என்னங்க இது? எங்க காலேஜ் லேப்ல செத்த தவளையை பார்மலின்ல ஊறப்போட்டு வைப்போம், அதே வாடை!"

"பார்மலின் இல்லைன்னு பாட்டில்லயே போட்டிருக்காங்க."

"போடறவன் என்ன வேணா போடுவான். சூடு பட்டதும் வெளிய வருதே, அது பார்மால்டிஹைடு, பார்மலின்ல கரைஞ்சிருக்கிற அதே வாயு. பலகை ஒட்டுற பசை, கசங்காத துணி, எல்லாத்துக்கும் அது வேணும்தான். ஆனா மூடின ரூம்ல தினம் மூச்சுல இழுத்தா புத்துநோய்கூட வரலாம். நான் ஒருநாள் வந்துட்டுப் போறவ. உள்ள நிக்கிற பொண்ணு கதி?"

அண்ணி உள்ளே எட்டிப் பார்த்தாள். நாத்தனார் சுவரைப் பிடித்தபடி இருமிக்கொண்டிருந்தாள். மூக்கைத் துடைத்த கைக்குட்டையில் ரத்தம்.

"மூக்குல ரத்தமா? ஏன்டி சொல்லல?"

"மூணு மாசமா சொல்றேன். சூட்டு உடம்பு, தண்ணி குடின்னீங்க." அவள் சற்றுத் தயங்கினாள். "அண்ணி, இடுக்கி சூடானதும் உங்களுக்கு மட்டும் எப்படி தவறாம போன் வருது?"

அண்ணிக்கு அந்த மருந்து வாங்கிய முதல் நாள் நினைவுக்கு வந்தது. அன்று அவளே இடுக்கி பிடித்தபோது நெஞ்சு அடைத்தது. அதற்குப் பிறகு அவள் அதைத் தொடவே இல்லை. கெட்ட எண்ணம் ஏதுமில்லை. கடை ஓட வேண்டுமே என்ற கவலையில் அதை யோசிக்காமல் தள்ளிப் போட்டிருந்தாள், அவ்வளவுதான்.

சன்னல்களை மடமடவென்று திறந்தாள். வாடிக்கையாளரின் தலையைத் தானே அலசிவிட்டாள். கடையைப் பூட்டிவிட்டு, நாத்தனாரை டாக்டரிடம் அழைத்துப் போனாள். மறுநாளே மருந்து பாட்டில்களை விற்றவனுக்கே திருப்பி அனுப்பினாள்.

ஒரு மாதத்தில் நாத்தனாரின் இருமல் அடங்கியது. ஆனால் முடியை நேராக்க வந்தவர்கள் பக்கத்துத் தெருவுக்குப் போகத் தொடங்கினார்கள்.

"அங்க பண்றாங்களே, நீங்க மட்டும் ஏன் விட்டுட்டீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நம்மால நிக்க முடியாத புகையில இன்னொருத்தியை நிறுத்தி வேலை வாங்கக் கூடாதுங்க" என்றாள் அண்ணி. "இவ்ளோ சின்ன விஷயம் புரிய எனக்கு மூணு மாசம் ஆச்சு."