இடது காபரேட்டரில் அந்தோனியார்

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது நான் கற்பனை செய்த கதையல்ல, கொழும்பு கொட்டாஞ்சேனையில் கராஜ் ஒன்றின் மூலையில் நின்று பார்த்து, ஒட்டுக்கேட்டது. கார் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

மாலைச் சூரியன் அந்தப் பழைய மினி காரின் சிவப்பு முகத்தில்...

(அடித்துவிட்டேன். கராஜுக்குத் தகரக் கூரை. சூரியனுக்கு அங்கே என்ன வேலை?)

2.
இமெல்டாவுக்கு நாளைக்கு ரேஸ். அவளுடைய பழைய மினிக்கு, பெற்றோலையும் காற்றையும் கலக்கிற காபரேட்டர் இரண்டு. அக்சிலேட்டரை மிதித்தால் பாயாமல், ஒருமுறை விக்கிவிட்டுத்தான் ஓடும்.

"நாளைக்கும் விக்கினா, விக்கிறதுதான்! வத்தளையில வாங்க ஆள் இருக்கு," என்றான் கணவன் வின்சன்ற். (சிலேடை அவனுடையது, என் தலையில் கட்டாதீர்கள்.) அவளும் வீம்புக்கு "ஓம்" என்றுவிட்டாள். இப்போது காரை கராஜுக்குக் கொண்டுவந்திருக்கிறாள்.

(முதல் பிரதியில் ரேஸ் ஓடுபவன் வின்சன்ற், இமெல்டா தேத்தண்ணி ஊற்றினாள். கண்ணால் கண்டும் அப்படி எழுதினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.)

3.
மெக்கானிக் தாஸிம் பிளக்கை மாற்றினார், பெற்றோல் குழாயை ஊதினார். விக்கல் போகவில்லை. கடைசியில் காபரேட்டர்களின் மூடியைக் கழற்றினார். இரண்டின் தலையிலும் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் நிற்கவேண்டும். அப்போதுதான் உள்ளே பிஸ்டன் அளவாக எழும். (இதற்கு இரண்டு பக்கம் விளக்கம் எழுதியிருந்தேன். எனக்கே நித்திரை வந்தது.) வலதில் சரி. இடதில் விரலை விட்டு மோந்தார்.

"மிஸ், இது தேங்காயெண்ண! வலது எழும்பினாலும் இடது நித்திர. ஆரு ஊத்தின?"

வின்சன்ற் கூரையைப் பார்த்தான்.

"கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்ல மந்திரிச்சது. நீர் போற வேகத்துக்கு... எனக்குப் பயம், இமெல்டா."

"அப்ப காரை விக்கிற கதை?"

"அதுவும் பயத்திலதான்."

அவளுக்குக் கோபமும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

4.
தாஸிம் அந்த எண்ணெயைச் சொட்டுச் சிந்தாமல் கரண்டியில் எடுத்துவிட்டு, சரியானதை ஊற்றினார். இமெல்டா மிதித்தாள். கார் சீறியது. விக்கலே இல்லை.

"நாளைக்கு நான் ஓடுறன். காரும் விக்கிறேல்ல," என்றாள். வின்சன்ற் தலையாட்டினான்.

கதை முடிந்தது என்று பேனையை மூடப்போனேன்.

"மந்திரிச்ச எண்ணெய அழுக்குத் தண்ணி ஓடுற கானுக்குள்ள ஊத்தேலா. என்ன செய்ற?" என்றார் தாஸிம்.

ஒரு முடிவில் இமெல்டா அதை வின்சன்றின் தலையில் தேய்க்கிறாள். இன்னொன்றில் ஹெல்மெற் போடுமுன் தன் நெற்றியில் பூசிக்கொள்கிறாள். மூன்றாவதில் மூவரும் கோயிலுக்குப்...

(சாதுவான முடிவு. வேண்டாம்.)

எனக்கு முடிவு எழுத ஏலாது. நீங்களே பிடியுங்கள் கரண்டியை. மெல்ல! ஒரு சொட்டுச் சிந்தினாலும் அந்த மனுசன் வின்சன்ற் அழுதுவிடுவான்.