இடப்பக்க வரிசை

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிப் பூசையில் நன்மை, அதாவது திருவப்பம், கொடுக்க இரண்டு வரிசை. வலப்பக்கம் ஃபாதர் ரெஜிஸ், இடப்பக்கம் அவருக்கு உதவியாக அமிர்தராஜ். ஃபாதரின் வரிசை பீடத்தில் தொடங்கி, கோவில் வாசலைத் தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டைச் சுற்றி, இன்னும் கொஞ்சம் விட்டால் மன்னார்புரம் சிக்னலில் போக்குவரத்தை நிறுத்திவிடும். அமிர்தராஜின் வரிசையில் ஒரு கழுகு இறங்கி, இரண்டு சிறகையும் தாராளமாக விரித்துக் காய வைத்துக்கொள்ளலாம்.

போன வருஷம் வரை நிலைமை நேர்மாறு. இன்சூரன்ஸ் ஆபீசில் முத்திரை குத்தியே காலம் கழித்த கை அது. சீட்டுப் போடுகிற வேகத்தில் அப்பத்தை எடுத்துக் கொடுக்கும். இட்லிக்கு மாவு கரைத்து வைத்துவிட்டு வந்த பெண்கள் எல்லாம் இடப்பக்கம்தான். ஊரில் பாதிப் பேரின் காலைப் பலகாரத்தைக் காப்பாற்றியவர் அமிர்தராஜ் என்று சொன்னாலும் தகும்.

முதலில் முழங்கையில் செதில் வந்தது. அப்புறம் தலையில். அப்புறம் விரல்கள் ஒவ்வொன்றும் சேப்பங்கிழங்காக வீங்கி, காலையில் பல் தேய்க்கவே கர்த்தரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. ஊரே வைத்தியரானது. வேப்பிலை என்றார்கள், வெட்பாலை என்றார்கள், கழுதைப்பால் என்று ஒருவர் சத்தியம் செய்தார். சொன்னவர்கள் எல்லாரும் நாலடி தள்ளி நின்றுதான் சொன்னார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற பஸ்ஸில் படிக்கட்டில் ஆள் தொங்கும்போதும், அமிர்தராஜ் பக்கத்து சீட்டு மட்டும் மகாராஜாவுக்கு ஒதுக்கியது போலக் காலியாகவே பயணம் செய்தது.

ஸ்ரீரங்கத்து டாக்டர் நல்ல மனிதர். தொட்டுப் பார்த்தார்.

“இது ஒட்டாது சார். உங்க உடம்பே உங்களை எதிரின்னு நெனச்சு அடிக்குது. தோல்லயும் மூட்டுலயும் அதுதான் தெரியுது.”

“என் உடம்புக்காவது என்னைப் பத்தித் தெரிஞ்சிருக்கே டாக்டர்.”

டாக்டர் சிரிக்கவில்லை. “தூங்குறீங்களா? மனசு எப்படி இருக்கு? இந்த நோய்ல பாதிப் பேருக்கு அதுவும் சேந்தே வாடும். அதுக்கும் மருந்து இருக்கு, பேசுறதுக்கு ஆள் இருக்காங்க.”

“மனசு புத்தம்புதுசா இருக்கு. யாரும் தொடுறதில்லை.”

டாக்டர் மேற்கொண்டு கேட்பதற்குள் அமிர்தராஜ் எழுந்து வந்துவிட்டார்.

அடுத்த வாரம் பூசை முடிந்ததும் ஃபாதர் அவரைப் பூசை உடுப்பு மாற்றும் அறைக்குள் அழைத்தார். “அமிர்தராஜ் சார், கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்கலாமே. ரொம்ப நேரம் நிக்கிறீங்க.”

“யாராவது சொன்னாங்களா ஃபாதர்?”

“யாரும் ஒண்ணும் சொல்லலைங்க.”

“அதான் எனக்கும் தெரியுமே. யாரும் ஒண்ணும் சொல்றதில்லை.”

ஃபாதர் கையைப் பிசைந்தார். “வர்ற ஞாயிறு நில்லுங்க. ஒருத்தர் வந்தாலும் சரி, நீங்களே தொடருங்க. இல்லேன்னா நம்ம இளைஞர் சங்கத்து டோனிகிட்ட விட்டுடலாம்.”

ஒருத்தர் போதும். அந்த ஒருத்தர் யார் என்பதில் அமிர்தராஜுக்குச் சந்தேகமே இல்லை. மனைவி லூர்துராணி, வெள்ளம் வந்து காவிரியே கோவிலுக்குள் புகுந்தாலும், நீந்தி வந்து அவர் வரிசையில்தான் வாங்குவாள்.

அந்த ஞாயிறு அவர் முழுக்கைச் சட்டையைப் பொத்தான் போட்டு நின்றார். ஒரே ஒரு ஆள் வேகமாக வந்தான். அமிர்தராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பத்தை வாயில் போட்டுக்கொண்டு, போகிற போக்கில் கிசுகிசுத்தான்: “இந்தப் பக்கம் கூட்டமே இல்லைங்க. எனக்குத் துறையூர் பஸ்ஸு.”

அவ்வளவுதான். வலப்பக்கம் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பிரான்சிக்குப் பின்னால், முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றாள் லூர்துராணி.

வீட்டுக்கு வந்தார்கள். அவள் வெங்காயம் உரிக்க உட்கார்ந்ததும் கேட்டார்.

“ஒட்டிக்கும்னு உனக்கும் வந்துடுச்சா?”

“ஒங்க துணியை யாரு தொவைக்கிறா? தலகாணியை யாரு தட்டுறா? ஒட்டுறதா இருந்தா எனக்கு எப்பவோ ஒட்டி, அடுப்படிப் பல்லிக்கும் ஒட்டியிருக்கும்.”

“அப்புறம் ஏன் அங்க போய் நின்ன?”

லூர்துராணி வெங்காயத்தை விடவில்லை. “நீங்க ‘கிறிஸ்துவின் திருவுடல்’னு சொல்றது, ‘எங்கடா போனீங்க எல்லாரும்’னு கேக்குற மாதிரி இருக்குங்க. வர்றவங்க மூஞ்சியை அப்படிப் பாக்குறீங்க. மொதல்ல கையைப் பாத்துதான் வெலகினாங்க, இல்லைங்கலை. இப்ப கண்ணைப் பாத்து வெலகுறாங்க.”

“நான் எப்படிப் பாக்குறேன்?”

“வீட்டுல வாரம் பூரா அந்தக் கண்ணுதான் எனக்கு. பேசினாக் குத்துறீங்க, பேசலைன்னாக் கொல்றீங்க. நன்மை வாங்குற நேரமாவது வேற மூஞ்சியைப் பாத்துக்குறேனே.”

வெங்காயம் உரிப்பதில் ஒரு வசதி, கண்ணீருக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. அமிர்தராஜும் கேட்கவில்லை. “நான் நிறுத்திக்கிறேன்னு ஃபாதர்கிட்ட நீயே சொல்லிடு” என்று மட்டும் சொன்னார்.

“நீங்களே சொல்லுங்க.”

சொன்னார். ஃபாதர் மறுக்கிற மாதிரி ஒரு நிமிஷம் நடித்தார். நல்ல மனிதர், நடிப்புதான் வரவில்லை.

அடுத்த ஞாயிறு இடப்பக்கம் டோனி நின்றான். வரிசை வாசலைத் தாண்டிப் போயிருந்தது. அமிர்தராஜ் பிடிவாதமாக அந்த வரிசையிலேயே போய் நின்றார். அவருக்கு முன்னாலும் பின்னாலும் பக்கத்துக்கொரு மாட்டு வண்டி நிறுத்தலாம், அவ்வளவு இடைவெளி. தன்னைச் சுற்றி ஒரு மைதானத்தையே நகர்த்திக்கொண்டு பீடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

“கிறிஸ்துவின் திருவுடல்” என்றான் டோனி. அப்பத்தை நீட்டிய கை பாதியிலேயே நின்றது. வீங்கிய விரல்களைப் பார்த்து அல்ல. அவன் அவற்றைப் பார்க்கவே இல்லை. அமிர்தராஜின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், ஏதோ தப்புச் செய்து பிடிபட்டவன் போல.

லூர்து சொன்னது பொய் இல்லை. பார்வையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று அமிர்தராஜுக்கு நன்றாகத் தெரிந்தது. தாழ்த்திப் பார்த்தார். எந்த மூட்டும் சொன்னபடி மடங்காத அந்த உடம்பில், மூட்டே இல்லாத இமையும் மடங்க மறுத்தது.

“ஆமென்” என்றார். டோனி ஓரடி பின்னால் நகர்ந்தான்.