இரண்டு கை போட்ட புளிப்பு

ஜெர்மனியில் பாம்பெர்க் பக்கத்துத் தண்ணீரில் சுண்ணாம்பு ஜாஸ்தி. அதில் கறுப்பு பீர் காய்ச்சினால் அமிர்தம். கோட்ஹார்ட் வீட்டில் காய்ச்சும் கறுப்பு பீருக்குத் தெருவே அடிமை. பொன்னிற பீர் காய்ச்சினால் மட்டும், டீத்தூளை மென்ற மாதிரி நாக்கு வறண்டுவிடும்.

மகள் ரோன்யாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கொலோன் நகரத்துக்காரர்கள். கறுப்பு பீரைக் கஷாயம் என்பவர்கள். விருந்துக்கு அப்பா கையால் காய்ச்சிய பொன்னிற பீர்தான் வேண்டும் என்றாள் மகள். முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மனைவி இர்ம்கார்டின் அண்ணன் எக்பெர்ட்டுக்கு வந்தது.

"கடையில வாங்கிடுங்க மாப்ள. நம்ம மானமாவது மிஞ்சும்."

முளைகட்டிய பார்லியான மால்ட்டைக் கரைத்த கூழில் புளிப்பைக் கொஞ்சம் ஏற்றினால் அந்தத் துவர்ப்பு போய்விடும். பாட்டிலில் விற்கும் அமிலம் நாலு சொட்டு போதும். ஆனால் மால்ட், கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ, ஈஸ்ட், தண்ணீர் தவிர வேறெது விழுந்தாலும் பூமி பிளந்துவிடும் என்று நம்புகிற ஊர் அது. அதே அமிலம் தானியத்திலேயே ஊறி, புளிப்பு மால்ட் என்று பெயர் வைத்துக்கொண்டு வந்தால் தோஷமில்லை.

காய்ச்சும் நாளன்று கோட்ஹார்ட் புளிப்பு மால்ட்டை அளந்து போட்டுக் கலக்கிவிட்டு, புளிப்பை அளக்கும் பி.எச். மீட்டரைத் தேடி நிலவறைக்குப் போனார். மேஜைமேல் புளிப்பு மால்ட் பையைப் பார்த்த இர்ம்கார்டுக்குப் பாவமாக இருந்தது. காலையிலிருந்து சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு திரிகிற மனுஷன், இதையும் மறந்திருப்பார். சத்தமில்லாமல் அவருக்குப் பதிலாக அவளே அளந்து போட்டாள்.

திரும்பி வந்தவர் ஒரு கரண்டிக் கூழை ஆறவைத்து மீட்டரை முக்கினார். புளிப்பு ஏற ஏற எண் இறங்கும்; அது படுபாதாளத்தில் இருந்தது. மீட்டரை உதறினார், விற்ற கடைக்காரனைத் திட்டினார், கடைசியில் நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"ஏங்க," என்றாள் இர்ம்கார்ட் மெதுவாக, "நீங்க ஏற்கெனவே போட்டுட்டீங்களா?"

அவர் மால்ட் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

வழி ஒன்று உண்டு. சாதா மால்ட்டும், இத்தனை நாள் சபித்த அதே சுண்ணாம்புத் தண்ணீரும் சேர்த்தால் புளிப்பு தணியும். ஆனால் பானையில் இடமில்லை. அதைவிடப் பெரிய பானை தெருவில் ஒரே வீட்டில்தான் இருந்தது. கோட்ஹார்ட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு போய் நின்றார்.

எக்பெர்ட் சிரிக்கவில்லை. பானையைத் தள்ளுவண்டியில் ஏற்றி, சமையலறைவரை கொண்டு வந்து இறக்கிவிட்டுத்தான் சிரித்தார்.

"ஏன் மாப்ள, நீங்க ரெண்டு பேரும் வீட்டுல பேசிக்கிறதே இல்லியா?"

பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக் கிளறும் துடுப்பை வாங்கிக்கொண்டார். மால்ட்டும் தண்ணீரும் விழ விழ, ஒரே மீட்டர்மேல் மூன்று தலைகள் முட்டிக்கொண்டன. எண் மெல்ல ஏறி, வேண்டிய இடமான ஐந்தரைக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது.

கல்யாணத்தன்று கொலோன் சம்பந்தி ஒரு மிடறு குடித்தார், யோசித்தார், கோப்பையைக் காலி செய்துவிட்டு நீட்டினார். யார் காய்ச்சியது என்று விசாரித்தார். ரோன்யா அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அவர் தொண்டையைக் கனைப்பதற்குள் எக்பெர்ட் முந்திக்கொண்டார்.

"நாங்கதான்."

கோட்ஹார்ட் மறுக்கவில்லை. மச்சானின் கோப்பையை விளிம்புவரை நிரப்பினார். குடிக்கிற நேரமாவது பேசமாட்டாரே.