சகலையின் முழு பாலிசி

மொக்கச்சாமியும் சின்னமுத்துவும் சகலைகள். அக்கா கருத்தம்மாவை மொக்கச்சாமியும், தங்கை ராக்குவைச் சின்னமுத்துவும் கட்டியிருந்தார்கள். பட்டாளம் கழித்துப்போட்ட ஜீப்பை வாங்கி, போடியிலிருந்து மலைமேல் ஏலத்தோட்டங்களுக்கு ஆளும் அரிசியும் ஏற்றிப்போகத் தொடங்கியவன் மொக்கச்சாமிதான். சின்னமுத்து ஓட்டப் பழகியதே அந்த வண்டியில்தான். பிறகு அவனும் ஒரு ஜீப்பு வாங்கினான். அது இதைவிடப் புதிது.

அதிலிருந்து தோட்டத்துக் கங்காணிகள், "தம்பி வண்டி வரலையாண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் மொக்கச்சாமி வண்டியில் ஏறினார்கள். ஒவ்வொரு தடவையும் அவனுக்கு வயிறு எரிந்தது.

இன்சூரன்சு ஏஜெண்டு கண்ணுச்சாமி இருவரையும் பெட்ரோல் பங்கில் வைத்துப் பிடித்தான்.

"தேர்டு பார்ட்டிங்கிறது சட்டத்துக்குப் போடுறதுண்ணே. நம்ம வண்டி அடுத்தவன் மேல மோதினா அவனுக்குக் கம்பெனி குடுக்கும். நம்ம வண்டி நொறுங்கினா ஒண்ணும் கிடையாது. முழு பாலிசின்னா நம்ம வண்டிக்கும் சேத்து. ஆனா சொந்த உபயோகம்னு எழுதிட்டு வாடகைக்கு ஓட்டினா, கம்பெனி கையை விரிச்சிரும்."

"மெட்டுக்கு ஏறுற மலை ரோட்டுல ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும். சட்டத்துக்கு உள்ளது போதும்" என்றான் மொக்கச்சாமி.

சின்னமுத்து முழு பாலிசி எடுத்தான். "தம்பிக்குத் தன் கை மேலயே நம்பிக்கை இல்ல" என்று மொக்கச்சாமி டீக்கடையில் சொல்லிச் சிரித்தான்.

ஐப்பசி மழையில் ஒருநாள், மெட்டுக்குக் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து சின்னமுத்துவின் ஜீப்பு உருண்டது. நல்லவேளையாக வண்டியில் வேறு ஆட்கள் இல்லை. பின்னால் வந்த மொக்கச்சாமிதான் பள்ளத்தில் இறங்கி, கால் முறிந்து கிடந்தவனைத் தோளில் தூக்கி வந்து தன் வண்டியில் கிடத்தினான். பதறித்தான் ஓட்டினான். ஆனால் மலை இறங்க இறங்க, இனி ரோட்டில் தன் வண்டி ஒன்றுதான் என்ற நினைப்பும் வந்தது. அது வந்தபோது நெஞ்சு லேசானது.

ஆஸ்பத்திரியில் ராக்கு அழுதுகொண்டிருந்தாள். கண்ணுச்சாமி வந்து அவளைத் தேற்றினான். "அழுகாதத்தா. ரிப்பேர்ச் செலவுல முதல்ல கொஞ்சம் நீங்க போடணும். மிச்சத்தைக் கம்பெனி பாத்துக்கும். வண்டி புதுசாட்டம் வந்துரும்."

மொக்கச்சாமி வாசலில் நின்று கேட்டான். காலில் கட்டோடு படுத்திருப்பவனைப் பார்த்தே அவனுக்குப் பொறாமையாக இருந்தது. விழுந்தவனுக்குப் புது வண்டி. விழாமல் ஓட்டியவனுக்கு அதே ஓட்டை வண்டி.

சேதத்தைப் பார்வையிட மதுரையிலிருந்து கம்பெனி சர்வேயர் வந்தார். அவரை மலைக்கு ஏற்றிப்போக மொக்கச்சாமியின் ஜீப்புதான் கிடைத்தது. பாதி வழியில் மொக்கச்சாமி தானாகவே பேச்சை எடுத்தான்.

"சார், அது சொந்தத்துக்கு வச்சிருந்த வண்டி இல்ல. தினம் கூலியாளுகளை ஏத்தி வாடகைக்குத்தான் ஓட்டுனான். நான் என் கண்ணால பாத்தவன்."

சர்வேயர் திரும்பிப் பார்த்தார். "தெரியும்ப்பா. வாடகைக்குன்னு சொல்லித்தான் பாலிசி போட்டிருக்கார். அதுக்காகப் பிரிமியமும் அதிகமாத்தான் கட்டியிருக்கார்."

மொக்கச்சாமி கியரை மாற்றி, அடுத்த வளைவில் வண்டியைத் திருப்பினான்.

சர்வேயர் திரும்பி வந்து, வாக்குமூலம் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனார். மொக்கச்சாமியும் கூடப் போக வேண்டியதாயிற்று. "வண்டி வாடகைக்கு ஓடினதை உங்க சகலையும் சொன்னார். நீங்க எழுதிக்கொடுத்ததோட ஒத்துப்போகுது" என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். சின்னமுத்து கையெழுத்துப் போட்டான். அவர் போன பிறகுதான் மொக்கச்சாமியை நிமிர்ந்து பார்த்தான்.

"சார் கேட்டாராண்ணே, நீயாச் சொன்னியா?"

மொக்கச்சாமி ஜன்னல் பக்கம் பார்த்தான்.

"நீ சொன்னது பொய்யில்ல. ஆனா எனக்குக் கிடைக்கக் கூடாதுன்னுதானே சொன்ன?" சின்னமுத்து குரலை உயர்த்தவில்லை. "பள்ளத்துல இறங்கித் தூக்குனதும் நீதான். அதை நான் மறக்க மாட்டேன். இதையும் மறக்க மாட்டேன்."

தை மாதம் ஜீப்பு பச்சை பெயிண்டோடு திரும்பியது. சின்னமுத்து ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாலும் வண்டி நன்றாகவே ஓட்டினான். வளைவில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழி விடுவான், பேச மாட்டான். ராக்கு பொங்கலுக்கு அக்கா வீட்டுக்கு வரவில்லை. ஏன் என்று கருத்தம்மா கேட்டதற்கு, "எனக்கென்ன தெரியும்" என்றான் மொக்கச்சாமி.

மறுவாரம் அவன் கண்ணுச்சாமியைத் தேடிப் போனான்.

"எனக்கும் முழு பாலிசி போடு."

கண்ணுச்சாமி வண்டியைச் சுற்றிவந்து, துருப்பிடித்த மட்கார்டைத் தட்டிப் பார்த்தான். "போடலாம்ணே. ஆனா இன்னைக்கு வித்தா என்ன போகுமோ, அந்த மதிப்புக்குத்தான் போட முடியும்."

மொக்கச்சாமி அது எவ்வளவு என்று கேட்கவில்லை.

"சின்னமுத்து வண்டிக்கு எவ்வளவு போட்ட?" என்றான்.